மூன்றாவது குரல்

மஞ்சள் கல் வந்ததும் வண்டியில் பேச்சு நின்றுவிட வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவளே பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ரேஞ்சர் சதாசிவம் கல் கண்ணில் படுவதற்கு முன்பே சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடத் தவித்தார்.

"மேடம், ரிவ்யூவுக்கு வர்ற அம்மா மத்தியானம் வந்துருவாங்க. அவங்க பாத்துட்டுப் போற வரைக்கும் இந்தச் சாவு விஷயம் கொஞ்சம் அடங்கியே இருந்தா நல்லதுங்க" என்றார். இதையே கோயம்புத்தூரில் கிளம்பும்போது ஒரு விதமாகவும் அடிவாரத்தில் டீ குடிக்கும்போது வேறு விதமாகவும் சொல்லியிருந்தார்.

"சாவை எப்படிங்க அடக்குறது?" என்றாள் குமுதவல்லி.

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மஞ்சள் கல் வந்துவிட்டது. அவருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். மின்கல ஜீப் சத்தமில்லாமல் காட்டுக்குள் ஏறியது. வழிநெடுக, மரத்தோடு மரமாக, பச்சை வர்ணம் பூசிய கம்பங்கள் நின்றன. அரசாணையில் அவற்றின் பெயர் செவிக்கம்பம். மலைக்காரர்கள் வைத்த பெயர் ஒட்டுக்காது. யார் வைத்தது பொருத்தமான பெயர் என்று கேட்டால் குமுதவல்லியே இரண்டாவதைத்தான் சொல்வாள்.

கம்பம் வந்த கதை ரொம்பச் சிக்கலானதல்ல. முன்பெல்லாம் காடு இருக்கிறதா இல்லையா என்பதை வானத்திலிருந்து படம் எடுத்துப் பார்த்தார்கள். உலகம் முழுக்க எல்லா அரசாங்கங்களும் தைல மரத்தை வரிசையாக நட்டு, மேலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிகிறதல்லவா, காடுதான் என்று சாதித்தன. ஏமாந்து ஏமாந்து சலித்த பிறகு நாடுகள் கூடி அமைதிக் கானக உடன்படிக்கை என்று ஒன்றைச் செய்துகொண்டன. பார்க்க வேண்டாம், கேட்போம் என்றது உடன்படிக்கை. தவளையையும் சிள்வண்டையும் இருவாச்சிப் பறவையையும் வரிசையாக நட முடியாதல்லவா. கம்பங்கள் இரவு பகலாகக் கேட்டன. காட்டின் சத்தம் கூடினால் மதிப்பெண் கூடும். மனிதக் குரல் கேட்டால் குறையும். மதிப்பெண் குறைந்த நாட்டின் காபியும் ரப்பரும் தோலும் பாதி உலகத்துத் துறைமுகங்களில் இறங்க முடியாது. டெல்லி கையெழுத்துப் போட்டது. அதற்கேற்ப விதிகளை எழுதும் வேலை மாநிலங்களுக்கு வந்தது. நம் மாநிலத்துக்கு அதை எழுதிக் கொடுத்தவள் சட்டத்துறைத் துணைச் செயலர் குமுதவல்லி.

இந்த வருடம் உடன்படிக்கை நாடுகள் அத்தனையிலும் மிக அமைதியான காடு என்று பெயர் வாங்கியிருந்தது ஈட்டிமரப்பதியைச் சுற்றியிருக்கும் இந்தக் காடுதான். அதை நேரில் பார்க்க உடன்படிக்கைத் தலைமையகத்திலிருந்து ஒரு பெண்மணி வருகிறார். சட்டத்தை எழுதியவள் கூட இருந்து உபசரிக்க வேண்டும் என்று செயலர் சொல்லி அனுப்பியிருந்தார். அதே வாரத்தில் ஈட்டிமரப்பதியின் வெள்ளிங்கிரியை யானை அடித்துக் கொன்றது, ரேஞ்சர் சொன்னதுபோல, நேரம் சரியில்லாத விஷயம்.

ஊர் எல்லைக்குள் பேசலாம். எல்லைக் கல் தாண்டியதும் காடு, அங்கே வாய் திறக்கக்கூடாது. ஜீப் எல்லைக்குள் நுழைந்ததும் ரேஞ்சர் தண்ணீருக்கு மேலே வந்தவர்போல மூச்சு விட்டார்.

வெள்ளிங்கிரியின் மனைவி மருதி வாசலில் உட்கார்ந்து சீமார்ப் புல்லை விளக்குமாறாகக் கட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். குமுதவல்லியைப் பார்த்ததும் புல்லை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். அழுது முடித்த முகம்.

"உக்காருங்க மருதி. நான் சென்னையிலிருந்து வர்றேன்" என்றாள் குமுதவல்லி.

"தெரியுங்க. சட்டத்த எழுதுன அம்மான்னு ரேஞ்சர் அய்யா சொன்னாரு." மருதி ஒரு பாயை எடுத்துப் போட்டாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"காட்டுல செத்தவங்கள நாங்க அப்படியே உட்டுட்டு வரமாட்டமுங்க. ஏழாம் நாளு காலையில ஊரே அந்த எடத்துக்குப் போயி, பேரச் சொல்லி மூணு தரம் சத்தமாக் கூப்புடுவோம். கூப்புட்டுட்டுத் திரும்பிப் பாக்காம நடந்து வந்துட்டா, செத்தவரு பின்னாலயே வீட்டுக்கு வந்துருவாரு. கூப்புடலைன்னா அங்கயே நின்னுக்குவாருங்க, வழி தெரியாம. நாளைக்கு ஏழாம் நாளு."

குமுதவல்லிக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் மருதியே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். சில கேள்விகளைக் கடைசிவரை கேட்கவிடுவதே ஒரு மரியாதை என்று அவள் நினைத்தாள், அல்லது பதில் சொல்லும் நேரத்தைத் தள்ளிப்போட்டாள்.

"எங்கூருக்கு ரெண்டு குரல் ஆயிருச்சுங்க" என்றாள் மருதி. "மொதல்ல ரங்கிக்குப் பிரசவ வலி வந்து, கீழ தூக்கிட்டுப் போறப்ப வழியில கத்திப்புட்டா. ரெண்டாவது எங்க ஆளே இல்லீங்க. மலையேற வந்த யாரோ நாலு பேரு சிரிச்சுட்டுப் போனாங்க. கம்பத்துக்கு ஆளு தெரியாதாமே. பக்கத்துல எந்த ஊரோ அந்த ஊர் பேருலதான் எழுதிக்குமாம். மூணாவது ஆச்சுன்னா ஊரையே கீழ காலனிக்கு மாத்திருவாங்க. அதனாலதான் கேக்கறேன். பேரு மட்டும் கூப்புட்டுக்கறோம். படிச்சவங்க எழுதுனதுல எங்கியாச்சும் ஒரு சந்து வெச்சிருப்பீங்களே?"

அந்தக் கடைசி வரியில் கேலி இல்லை. அது இருந்திருந்தால் குமுதவல்லி தப்பித்திருப்பாள்.

"அது நம்ம ஊர்ல போட்ட சட்டமில்லீங்க மருதி" என்றாள் அவள். "வெளிநாட்டுல எல்லா நாடும் சேந்து போட்ட உடன்படிக்கை. அவங்க சொன்னதத்தான் நாங்க தமிழ்ல எழுதிக் குடுத்தோம். நம்ம கையில ஒண்ணுமில்ல."

மருதி அதை நம்பினாள். தலையை மெதுவாக ஆட்டினாள்.

"அவங்களச் சொல்லியும் குத்தமில்லீங்க" என்றாள். "பாவம், அவங்களுக்கு யானையப் பத்தித் தெரியாதுங்களே."

குமுதவல்லிக்குக் காது மடல் சுட்டது. யானையைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

அவளுடைய அப்பா திம்பம் மலைப்பாதையில் மூங்கில் லாரி ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் அவளையும் ஏற்றிக்கொள்வார். யானை கடக்கிற வளைவு வந்தால் லாரியை நிறுத்தி, ஹாரனைத் தொடாமல், சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூவுவார். ஹாரன் அடித்தால் அதற்குக் கோபம் வரும், மனுசக் குரல் கேட்டால் அது பாட்டுக்கு ஒதுங்கிக்கொள்ளும் என்பார். நடந்து போகிற மலைக்காரர்களும் அப்படித்தான், வளைவுக்கு வளைவு ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். மூங்கில் புதருக்குள் சத்தமில்லாமல் போய் யானையின் எதிரில் நிற்பதைப்போல முட்டாள்தனம் வேறில்லை என்பது அந்த மலையில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும்.

அதனால்தான் முதல் வரைவில் அவள் அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தாள். 'விலங்குகளை எச்சரிக்கவும், ஆபத்திலும், மரபுச் சடங்குகளிலும் எழுப்பும் குரல் கணக்கில் கொள்ளப்படாது.' நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

வரைவுகள் எல்லாம் தலைமையகத்தின் ஒப்பீட்டு எந்திரத்துக்குப் போய் வரவேண்டும். உடன்படிக்கையோடு ஒத்துப்போகிற வரியைப் பச்சையாகவும், முரண்படுகிற வரியைச் சிவப்பாகவும் அது காட்டும். துறையில் அதற்குச் சம்பந்தி என்று பெயர். மாப்பிள்ளை வீட்டாரைப்போல அதன் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால். அவளுடைய வரைவு முழுக்கப் பச்சையாகத் திரும்பியது, அந்த ஒரு வரியைத் தவிர. அந்த வரி சிவப்பாக வரவில்லை. மஞ்சளாக வந்தது. பக்கத்தில் இரண்டே சொல்: காரணம் கூறுக.

அன்றைக்கு மாலைக்குள் முழுப் பச்சையாக அனுப்பிவிட்டால் நாட்டிலேயே முதல் மாநிலம் நம்முடையது என்று செயலர் இருப்புக்கொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தார். மஞ்சளைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "எடுத்துட்டா சரியாப் போயிடும் சார்" என்று சொன்னவள் குமுதவல்லிதான். அவர் எடுக்கச் சொல்லவில்லை. காரணம் எழுத உட்கார்ந்தால், மேலே கேட்பார்கள், கோப்பு வனத்துறைக்குப் போகும், அவர்கள் ஏதாவது சொல்வார்கள், இழுக்கும். எடுத்தாள். திரை முழுக்கப் பச்சையானது. எல்லோரும் கைதட்டினார்கள். ஜிலேபி வாங்கி வந்தார்கள். அவளும் தின்றாள்.

மத்தியானம் தலைமையகத்துப் பெண்மணி வந்து சேர்ந்தார். பெயர் அச்சியேங். ஆப்பிரிக்காவில் பெரிய ஏரிக்கரை நாடு ஒன்றைச் சேர்ந்தவர். நல்ல உயரம், வெள்ளை முடி. கழுத்தில் சின்னப் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அவர் தன் மொழியில் பேசப் பேச அது உரக்கத் தமிழில் சொல்லும். யாரோ ஒரு பழைய தமிழாசிரியரைப் பிடித்து அதற்குள் அடைத்துவிட்டார்கள் போலிருந்தது. "உங்கள் அனைவருக்கும் எமது நல்வணக்கம்" என்று அது சொன்னதும் ஈட்டிமரப்பதிப் பெண்கள், துக்க வீட்டையும் மறந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ரேஞ்சர் சாவை மறைக்கத் தலையால் தண்ணீர் குடித்தும் பயனில்லை. அச்சியேங் வரும்போதே அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார். மருதியின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். தம் மடியில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"அம்மையீர், உங்கள் கணவர் இறந்த வேளையில் அருகிலிருந்த கம்பம் கேட்டதை யான் கொணர்ந்துள்ளேன். அதனைக் கேட்க உமக்கு விருப்பமுண்டா? இல்லையெனில் வேண்டா."

"கேக்கறனுங்க" என்றாள் மருதி.

முதலில் சிள்வண்டு. பிறகு உலர்ந்த இலையில் கால் வைக்கும் சத்தம். மூங்கில் ஒடிவது. ஒரு கனமான மூச்சு, அது மனிதனுடையதல்ல. புல் கட்டு கீழே விழுகிற பொத்தென்ற ஓசை. ஓடுகிற காலடி. அப்புறம் நடந்ததன் ஓசைகளையெல்லாம் எழுத வேண்டியதில்லை. அவை முடிந்து மறுபடி சிள்வண்டு வந்தது. அந்த நேரம் முழுக்க, தொடக்கத்திலிருந்து முடிவு வரை, மனிதத் தொண்டையிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

"மனிதக் குரல் இல்லை என்று கம்பம் பதிந்துள்ளது" என்றது பெட்டி. "அன்று இக்காட்டின் மதிப்பெண் குறையவே இல்லை. எமக்கு இது விளங்கவில்லை. அவர் ஏன் கூவவில்லை? வலியில்கூட?"

மருதி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பிரித்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டு ஆயிருச்சுங்களே. மூணாவது அவரு குரலா இருக்கப்படாதுன்னு நெனச்சிருப்பாருங்க."

பெட்டி அதைத் தன் எசமானியின் மொழியில் சொன்னது. அச்சியேங் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குமுதவல்லியின் பக்கம் திரும்பினார். குமுதவல்லிக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிய முடிந்திருந்தால் எறிந்திருப்பாள்.

"உமது சட்டத்தில் விதிவிலக்கு ஏன் இல்லை?" என்று பெட்டி ஊருக்கே கேட்கிற மாதிரி, நிறுத்தி நிதானமாக, அழகான தமிழில் கேட்டது. "எம் நாட்டில் மேய்ப்பர் பாடிக்கொண்டே காட்டைக் கடப்பர். காரணம் எழுதினோம், ஏற்றுக்கொண்டனர். ஏனைய நாடுகளும் எழுதின. உம்மிடமும் காரணம் மட்டுமே கேட்கப்பட்டது. நீர் அவ்வரியையே நீக்கிவிட்டீர். ஆதலால் இக்காட்டில் ஆட்களே இல்லை என்று யாம் எண்ணினோம்."

ரேஞ்சர் தன் தொப்பியைக் கையில் எடுத்துத் தூசி தட்டினார்.

மருதி குமுதவல்லியை நிமிர்ந்து பார்த்தாள். குமுதவல்லி திட்டுக்குத் தயாராக இருந்தாள், மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். மருதி சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். பிறத்தியார் சேலை விலகியதைத் தெரியாமல் பார்த்துவிட்டவள் தாழ்த்துவது மாதிரி. பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். குமுதவல்லியால் அதைக் கையில் எடுக்க முடியவில்லை.

"நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு குரல்" என்று அச்சியேங்கிடம் கேட்டபோது அவளுக்கே தன் குரல் பிச்சை கேட்பதுபோல இருந்தது. "நீங்க விட்டுக்குடுக்க முடியாதா?"

"உமது சட்டம் உமது நாட்டுடையது. அதனை மாற்ற எமக்கு உரிமை இல்லை" என்றது பெட்டி. "நீர் எழுதிக் கேட்கலாம். ஏற்கப்பட்டு, உமது மன்றம் நிறைவேற்றிய பின்னரே செல்லும்."

சட்டசபை கூட இன்னும் மாதங்கள் இருந்தன.

மறுநாள் காலையில் ஊரே கிளம்பியது. எல்லைக் கல் வரை பேசிக்கொண்டு வந்தவர்கள் கல்லைத் தாண்டியதும் அடங்கினார்கள். இடுப்பில் இருந்த கைக்குழந்தைகள்கூட அடங்கியதைக் குமுதவல்லி பார்த்தாள். அவளை யாரும் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கடைசி ஆளாகப் பின்னால் நடந்தாள். வளைவுகளில் முன்னால் போகிறவர்கள் நின்று, மூக்கை உயர்த்தி மோந்து பார்த்து, தரையில் உள்ளங்கை வைத்துப் பார்த்து, அப்புறம்தான் நடந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் தீர்கிற வேலை.

அந்த இடத்தில் புல் கட்டு இன்னும் சிதறிக் கிடந்தது. பக்கத்து மரத்தோடு கம்பம் நின்றது. மருதி மூங்கில் புதரைப் பார்த்து நின்றாள். வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைக்க, மார்பு விரிய, முழுப் பலத்தோடு புருசன் பெயரைக் கூப்பிட்டாள். ஒரு சத்தமும் வரவில்லை. பின்னால் நின்ற ஊரும் அதேபோல வாயைத் திறந்து மூடியது. மூன்று தரம்.

குமுதவல்லிக்கு அங்கேயே, அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, தப்பு என்னுடையது என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அது ஈட்டிமரப்பதியின் மூன்றாவது குரல். கம்பத்துக்கு ஆள் தெரியாது, அவள்தான் அப்படி எழுதியிருந்தாள். மன்னிப்புக் கேட்கக்கூட முடியாதபடி அவளுடைய சட்டம் அவளைப் பத்திரமாகக் காப்பாற்றியது. ஊர் திரும்பியது. யாரும் பின்னால் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் மருதி நின்று, உள்ளே போகாமல், சற்று நேரம் காத்திருந்தாள்.

"வந்திருப்பாருங்களா?" என்று ரங்கி மெதுவாகக் கேட்டாள்.

"எங்க கேட்டிருக்கும் அவருக்கு" என்றாள் மருதி.

சென்னைக்குத் திரும்பிய அன்றே குமுதவல்லி பழைய வரியை மறுபடி சேர்த்தாள். செயலரிடம் கேட்கவில்லை. சம்பந்திக்கு அனுப்பினாள். எதிர்பார்த்ததுபோலவே மஞ்சள். காரணம் கூறுக. அவள் யானையின் செவித்திறன் பற்றி ஒரு பக்கம் எழுதி அழித்தாள். மரபுரிமை பற்றி எழுதி அழித்தாள். கடைசியில் இரண்டு சொற்கள் மட்டும் எழுதினாள். ஆட்கள் இருக்கிறார்கள்.

அவள் விரலை எடுப்பதற்குள் வரி பச்சையாகிவிட்டது. அவ்வளவுதான் வேலை. அன்றைக்கு ஜிலேபி வருவதற்குள் முடித்திருக்கலாம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், யாரோ உள்ளே வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போகும்வரை.

மழைக்காலக் கூட்டத்தொடரில் திருத்தம் விவாதமில்லாமல் நிறைவேறியது. அரசிதழில் வந்த மறுவாரம் சதாசிவத்துக்குப் போன் செய்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"அன்னிக்கே போயிச் சொல்லிட்டனுங்க மேடம். ஊரே கூடிக் கேட்டுதுங்க."

"மருதி போயிக் கூப்பிட்டாங்களா?"

"இல்லீங்க." ரேஞ்சர் குரலைத் தாழ்த்தினார். "ஏழாம் நாள் போச்சு, இனி அதுக்குன்னு கூப்புடற முறையில்லைன்னுட்டாங்க. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

குமுதவல்லி மேசையிலிருந்த அரசிதழை மூடி வைத்தாள்.

"ஆனா இப்பெல்லாம் புல்லுக்குப் போறப்ப முன்ன மாதிரி வளைவுக்கு வளைவு கூவிட்டுத்தான் போறாங்க மேடம். ஒட்டுக்காதும் கணக்குல எடுத்துக்கறதில்ல. யானையும் ஒதுங்கிக்குது. ஒண்ணும் பிரச்சினையில்ல." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முன்னெல்லாம் ஓஹோன்னுதான் கூவுவாங்க. இப்ப மாத்திட்டாங்க."

"இப்ப என்னன்னு கூவுறாங்க?"

"வெள்ளிங்கிரின்னுங்க."